ஆட்கள் போகிறார்கள், அடுத்த பெட்டி வருமா?

எனக்கு வந்த கேள்வி இது. டிவியோடு இணைக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றையே நம்பிப் பிழைக்கும் ஒரு சின்ன நிறுவனம். நிறுவனர்களில் ஒருவர் விலகிவிட்டார். அவர் பின்னாலேயே மென்பொருள் பிரிவின் தலைவர், அப்புறம் மூன்று பொறியாளர்கள். நிறுவனமோ "அடுத்த தலைமுறைப் பெட்டி திட்டமிட்டபடி வரும்" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டது. அதை நம்பலாமா? இப்போது விற்கும் பெட்டியை வாங்கலாமா? ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பது என்ன ஆகும்?

இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒவ்வொரு ராஜினாமாவுக்கும் பீதி கிளம்புகிறது. ஆட்கள் விலகுவது அடுத்த பெட்டியைப் பற்றிய சேதி. கையில் இருக்கும் பெட்டியின் ஆயுளைப் பற்றி அது அவ்வளவாக எதுவும் சொல்லாது. அந்த ஆயுள் நிறுவனம் இணையத்தில் நடத்தும் சர்வரில் இருக்கிறது. நான் பல வருடம் இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள், எழுதிச் சம்பளம் வாங்கியவன். "விலகிய பொறியாளர்கள்" கணக்கில் இரண்டு தடவை நானே இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனர் போய்விட்டார், கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஸ்லிங்பாக்ஸைப் பார்க்க வேண்டும். வீட்டுக் கேபிளில் வரும் சேனலை வெளியூரில் இருந்தபடி இணையம் வழியாகப் பார்க்க வைத்த பெட்டி அது. பிளேக், ஜேசன் கிரிகோரியன் சகோதரர்கள் ஆரம்பித்த ஸ்லிங் மீடியாவை 2007இல் எக்கோஸ்டார் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் டிவி நிறுவனம் 38 கோடி டாலருக்கு வாங்கியது. 2009 ஜனவரியில் சகோதரர்கள் இருவரும் வெளியேறினார்கள். பெட்டியை யோசித்தவர்களே போய்விட்டார்கள், இனி என்ன என்றுதான் அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் 2012இல் புது மாடல்கள் வந்தன. அதற்குப் பிறகும் வந்தன. விற்பனையை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது 2020 நவம்பரில். அதாவது நிறுவனர்கள் போன பிறகு பதினோரு வருடத்துக்கு மேல் அந்தப் பெட்டி சந்தையில் இருந்திருக்கிறது.

அது செத்தது 2022 நவம்பர் 9ஆம் தேதி. அன்றைக்குச் சர்வரை அணைத்தார்கள். போனில் இருக்கும் ஆப் வீட்டில் இருக்கும் பெட்டியைத் தேடிப் பிடிக்க நிறுவனத்தின் சர்வர் நடுவில் நிற்க வேண்டும். அது இல்லையென்றால் ஆப்புக்குப் பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வன்பொருளில் ஒரு குறையும் இல்லை, விளக்கு எரியும், வயர் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான கதை ஸ்குவீஸ்பாக்ஸ். அது பாட்டுக்கான பெட்டி, படத்துக்கானது இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்ன நிறுவனம் 2001இல் ஸ்லிம்பி3 என்ற பெட்டியை வெளியிட்டது, ஸ்குவீஸ்பாக்ஸுக்கு முன்னோடி அதுதான். கணினியில் இருக்கும் எம்பி3 பாட்டுகளை வீட்டு நெட்வொர்க் வழியாக இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும். மூளை பெட்டியில் இல்லை. கணினியில் ஓடும் சர்வர் மென்பொருளில் இருந்தது. அது பெர்ல் மொழியில் எழுதியது, திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் நிரலைப் படித்து மாற்றலாம். 2006இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை 2 கோடி டாலருக்கு வாங்கியது. பெரிய நிறுவனத்தின் பணத்தில் டூயட், பூம், ரேடியோ, டச் என்று ஸ்குவீஸ்பாக்ஸ் மாடல்கள் வரிசையாக வந்தன. டச் வந்தது 2010இல். இரண்டே வருடத்தில், 2012 ஆகஸ்டில், ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பெயரையே மூட்டை கட்டிவிட்டு யூஇ ஸ்மார்ட் ரேடியோ என்று வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். பழைய பெட்டிகளோடு அது ஒத்துப்போகவில்லை.

ஸ்குவீஸ்பாக்ஸ் அன்றைக்கே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. சர்வர் மென்பொருள் வாங்கியவர்களின் கணினியிலேயே ஓடியதாலும், அதன் மூலநிரல் வெளியில் இருந்ததாலும், பயன்படுத்தியவர்களே அதைத் தூக்கிச் சுமந்தார்கள். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிப் போர்டில் அதே சர்வரோடு பேசும் பிளேயரை எழுதினார்கள். 2024இல் லாஜிடெக் தன்னுடைய இணையச் சேவையையும் மூடியது. அதே வருடம் மென்பொருள் லிரியன் என்று பெயரையே மாற்றிக்கொண்டு தனியாக நடக்கத் தொடங்கியது. 2003இல் வாங்கிய பெட்டியும் இன்றைக்குப் பாடும். திரை மட்டும் மங்கியிருக்கலாம்.

ஆகவே வீட்டில் இருக்கும் பெட்டியைப் பற்றிய கவலைக்கு என் பதில் சின்னது. இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வைஃபை மட்டும் ஓட, பெட்டியைப் போட்டுப் பாருங்கள். என்னவெல்லாம் வேலை செய்கிறதோ அதுதான் உங்களுக்குச் சொந்தம். மற்றதெல்லாம் அவர்கள் நடத்தும் வரைக்கும்தான். படத் தளங்கள் ஓடாது, அது தெரிந்ததே. ஆனால் முகப்புத் திரையாவது வருகிறதா? வன்வட்டில் இருக்கும் வீடியோவைப் போடுகிறதா? இல்லை, "கணக்கில் உள்நுழையவும்" என்று அடம்பிடித்துக்கொண்டு நிற்கிறதா?

சரி, அடுத்த பெட்டி வருமா என்ற கேள்விக்கு வருவோம். அங்கேதான் யார் போனார் என்பது முக்கியம். எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பலன் இல்லை.

ஒரு பெட்டி எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். முதலில் சிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடியோவை விரிப்பது, திரைக்கு அனுப்புவது, நெட்வொர்க் எல்லாம் அந்த ஒரு சிப்புக்குள் இருக்கும். சிப் செய்தவர்கள் கூடவே ஒரு மென்பொருள் மூட்டையும் தருவார்கள். அது பாதி சமைத்த சோறு மாதிரி. லினக்ஸ் ஓடும், படம் தெரியும், ஆனால் வேகமாகச் சேனல் மாற்றினால் தொங்கும், ஒலி அரை நொடி பின்தங்கும், டிவியை அணைத்துப் போட்டால் எச்டிஎம்ஐ விழிக்காது. அப்புறம் மாதிரி போர்டு. முதல் போர்டு பெரும்பாலும் எழுந்திருக்காது. மின்சாரம் வரிசை மாறி வந்திருக்கும், அல்லது நினைவகத்தின் நேரக் கணக்கு தப்பியிருக்கும். இரண்டாவது, மூன்றாவது போர்டில் சரியாகும். நடுவில் சூடு, வைஃபை ஆன்டெனா, ரிமோட். கடைசியில் சான்றிதழ்கள். ரேடியோ அலைக்கு அரசுச் சான்றிதழ், எச்டிஎம்ஐ, டால்பி உரிமங்கள், படத் திருட்டைத் தடுக்கும் பூட்டுக்கான சாவிகள், ஒவ்வொரு பெரிய படத் தளத்தின் தனிச் சோதனை. சிப்பைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து கடைக்குப் போகும் நாள் வரை ஒன்று, ஒன்றரை வருடம் சாதாரணமாக ஆகும்.

இப்போது ஆட்களைப் பாருங்கள். போர்டு வடிவமைப்பவருக்கு வேலை அலை அலையாக வரும். உற்பத்தி தொடங்கிவிட்டால் அவருக்கு ஆறு மாதம் ஈ ஓட்டுகிற வேலைதான். அப்போது அவர் கிளம்பினால் அது சகஜம். நான் முதல் தடவை விலகியதும் அப்படித்தான், கேக் வெட்டி அனுப்பினார்கள். இரண்டாவது மாதிரி போர்டு மேசையில் கிடக்கும்போது அவர் போனால்தான் கவலைப்பட வேண்டும். மார்க்கெட்டிங் ஆட்கள் போவதும் வருவதும் எதையும் சொல்லாது.

தலையில் கை வைக்க வேண்டியது டிரைவர், அதாவது சிப்போடு பேசி அதை வேலை வாங்கும் நிரல், எழுதுபவர் போனால். இந்தச் சிப்பில் இந்த ரெஜிஸ்டரை (சிப்புக்குள் கட்டளை எழுதும் சின்ன இடம்) இரண்டு தடவை எழுதினால்தான் ஒட்டும், ஒரு தடவை எழுதினால் நூறில் ஒரு முறை விட்டுவிடும் என்பது போன்ற விஷயங்கள் அவர் தலையில்தான் இருக்கும். எழுதி வைத்திருக்க வேண்டும், உண்மைதான். யாரும் எழுதி வைப்பதில்லை. புதிதாக வருபவர் அதையெல்லாம் மறுபடி கண்டுபிடிக்க ஐந்தாறு மாதம் எடுப்பார். அதற்குள் வெளியீட்டுத் தேதி தள்ளிப்போய்விடும்.

இன்னொருவர் இருக்கிறார். அவர் போனால் செய்தியே வராது. படத் தளங்களோடு பேசிச் சான்றிதழ் வாங்குபவர். வேலையின் பெயர் கூட்டாளிகள் மேலாளர் என்கிற மாதிரி சப்பென்று இருக்கும். ஆனால் ஒரு பெரிய தளத்தின் சோதனைப் பட்டியலை யாரிடம், எப்போது, எந்தப் பதிப்போடு கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தத் தளத்தின் பக்கத்தில் சின்ன நிறுவனத்தின் பெட்டி வரிசையில் நாற்பதாவது இடத்தில் நிற்கும். அவர் தினம் போன் போட்டுத்தான் அதை நகர்த்துவார். பெட்டி தயார், பிரபலமான ஆப் மட்டும் இல்லை என்ற நிலையில் எத்தனையோ பெட்டிகள் சந்தைக்கு வந்து கெட்ட பெயர் வாங்கியிருக்கின்றன. நீங்கள் சொன்ன பட்டியலில் இவர் இருக்கிறாரா என்று தெரிந்தால் நான் இன்னும் தைரியமாகப் பேசுவேன்.

போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பதும் ஒரு தகவல். ரோக்கு என்ற ஸ்ட்ரீமிங் பெட்டி எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். ரீப்ளேடிவி என்ற ரெக்கார்டர் பெட்டியை உருவாக்கிய ஆன்டனி வுட் 2002இல் ரோக்குவைத் தொடங்கினார். ஜப்பானிய மொழியில் ரோக்கு என்றால் ஆறு. அது அவருடைய ஆறாவது நிறுவனம். 2007இல் அவர் நெட்ஃபிளிக்ஸில் துணைத் தலைவராகச் சேர்ந்து அங்கே ஒரு பெட்டியை வடிவமைத்தார். வெளியிடச் சில வாரங்களே இருக்கும்போது, 2007 டிசம்பரில், நெட்ஃபிளிக்ஸின் அன்றைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் அதை நிறுத்திவிட்டார். நெட்ஃபிளிக்ஸே பெட்டி விற்றால் மற்ற தயாரிப்பாளர்கள் தங்கள் பெட்டியில் நெட்ஃபிளிக்ஸைப் போடத் தயங்குவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் குழுவில் சுமார் இருபது பேர் வுட்டோடு ரோக்குவுக்குப் போனார்கள். 2008 மே மாதம் அதே பெட்டி ரோக்கு பெயரில் 99.99 டாலருக்கு வந்தது.

நெட்ஃபிளிக்ஸை மட்டும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்? வன்பொருள் குழு மொத்தமாக வெளியேறியது, பெட்டித் திட்டம் காலி. அது உண்மையும்கூட. பெட்டி வந்தது, ஆனால் வேறு கதவு வழியாக வந்தது. உங்கள் நிறுவனத்தில் இருந்து போன மூன்று பொறியாளர்களும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால், அந்த இடத்தை நான் கவனிப்பேன்.

ரோக்குவில் இருந்தே இன்னொரு உதாரணம். 2022 நவம்பரில் 200 பேர், 2023 மார்ச்சில் இன்னொரு 200 பேர், அதே வருடம் செப்டம்பரில் ஊழியர்களில் 10 சதவீதத்துக்கு மேல் என்று மூன்று சுற்று ஆட்குறைப்பு நடந்தது. ஆனால் அதே 2023 மார்ச்சில்தான் ரோக்கு தன் பெயரிலேயே தயாரித்த டிவிகளைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2025இல் புது ஸ்டிக்குகளும் வந்தன. ஆட்குறைப்பும் புது வன்பொருளும் ஒரே நேரத்தில் நடக்க முடிகிறது. காரணம், ரோக்கு பெட்டியை விற்றுப் பிழைப்பதில்லை. பெட்டியில் கைக்காசுகூடப் போடுகிறது. விளம்பரத்திலும் சந்தாப் பங்கிலும் சம்பாதிக்கிறது. பெட்டி அதற்கு வாசல். வாசலை யாரும் மூட மாட்டார்கள்.

உங்கள் சின்ன நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. என்னைக் கேட்டால் ராஜினாமாக்களைவிடப் பெரிய விஷயம் இதுதான். அவர்களுக்கு வரும் காசு பெட்டி விற்கும் அன்றைக்கு ஒரு தடவை. அதிலிருந்துதான் ஐந்து வருடத்துக்கு அப்டேட்டும் சர்வரும் தர வேண்டும். அடுத்த பெட்டி விற்றால்தான் பழைய பெட்டியின் சர்வருக்கு மின்கட்டணம் கட்ட முடியும். அதனால் அவர்கள் "அடுத்த பெட்டி வரும்" என்று சொல்வதில் பொய் இருக்காது, வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். ஆசை உண்மை. முடியுமா என்பதுதான் சந்தேகம்.

பெரிய நிறுவனமாக இருந்தாலும், தலைவர் போகும்போது வெளியே வராத பெட்டிக்குக் காவல் இல்லாமல் போய்விடும். வயர்லெஸ் ஸ்பீக்கர் செய்யும் சோனோஸைப் பாருங்கள். 2024 மே மாதம் அவர்களுடைய புது ஆப் வந்து வாடிக்கையாளர்களின் கோபத்தை வாரிக்கட்டிக்கொண்டது. ஆகஸ்டில் சுமார் 100 பேர் குறைப்பு. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் விலகினார். அந்தச் சூட்டோடு தயாரிப்புப் பிரிவின் தலைமை அதிகாரியும் விலகினார். பிப்ரவரியில் இன்னும் சுமார் 200 பேர். அந்தச் சமயத்தில் பைன்வுட் என்ற ரகசியப் பெயரில் டிவிக்கான ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டியை அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். சில நூறு டாலர் விலைக்கு வரும் என்று பேச்சு. மார்ச்சில் அதைக் கைவிட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. பிரச்சினை போர்டில் இல்லை. வீடு பற்றி எரியும்போது புது வாசல் கட்ட யாருக்கும் மனசு வராது. தயாரிப்புத் தலைவர் போனதுதான் அதில் பார்க்க வேண்டிய அடையாளம். வெளிவராத ஒரு பெட்டிக்காகக் கூட்டத்தில் வாதாடும் ஒரே ஆள் அவர்தான். அடுத்து வருபவருக்கு அது முன்னவரின் செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

ஆட்கள் யாரும் போகாவிட்டாலும் திட்டம் மாறும் என்பதற்கு பாக்ஸி. கனசதுரத்தின் ஒரு மூலை மேசைக்குள் புதைந்த மாதிரி இருக்குமே, அந்தப் பெட்டி. 2010 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டியபோது உள்ளே என்விடியா டெக்ரா 2 சிப் இருக்கும் என்றார்கள். பிறகு இன்டெல் சிஇ4100க்கு மாறினார்கள். கனமான எச்டி வீடியோவை டெக்ராவால் தடுமாறாமல் ஓட்ட முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். சிப்பை மாற்றுவது வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி இல்லை, அஸ்திவாரத்தை மாற்றுவது. கடைக்கு வந்தது அந்த வருடம் நவம்பரில். வீட்டில் சேர்த்து வைத்த வீடியோக்களைப் போடுவதில் அது கில்லாடி. 2012இல் வந்த அடுத்த பெட்டி, பாக்ஸி டிவி, முற்றிலும் வேறு பிராணி. ஆன்டெனாவில் வரும் சேனலை இணையத்தில் பதிவு செய்து வைப்பது அதன் வேலை. பழைய பெட்டி அத்தோடு நின்றுபோனது. 2013 ஜூலையில் சாம்சங் பாக்ஸியை வாங்கியது, பதிவுச் சேவையும் நின்றது. "அடுத்த பெட்டி வரும்" என்பது அங்கே நிறைவேறத்தான் செய்தது. பழைய பெட்டியை நேசித்தவர்களுக்குத்தான் அதில் ஒன்றும் இல்லை. உங்கள் நிறுவனம் விட்ட அந்த ஒரு வரியில், பழைய பெட்டியின் மென்பொருள் புதியதிலும் தொடருமா என்று ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, ஆள் இல்லாமல் போவது பழைய பெட்டியையும் எங்கே தொடும் என்று சொல்லிவிடுகிறேன். மேலே "அவ்வளவாக எதுவும் சொல்லாது" என்று எழுதியதற்கு இது விதிவிலக்கு.

2025 மார்ச் 9ஆம் தேதி, போனில் தேர்ந்தெடுப்பதை டிவியில் காட்டும் கூகுளின் சாதனம், 2015இல் வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் குரோம்காஸ்ட் ஆடியோவும் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டன. நம்பகமில்லாத சாதனம் என்று போன் சொன்னது. யாரும் எதையும் மாற்றவில்லை. சாதனம் போலி இல்லை என்று போனுக்கு நிரூபிக்க, பத்து வருடம் முன்பு போட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழ் அன்றைக்குக் காலாவதியானது. கூகுளிடம் ஆள் பலம் உண்டு. சாதனத்தை ரீசெட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு, சில நாளில் அப்டேட்டை அனுப்பிச் சரி செய்துவிட்டார்கள். இதே விஷயம் பன்னிரண்டு பேர் இருக்கும் நிறுவனத்தில், சான்றிதழைப் போட்டவர் விலகி ஐந்து வருடம் கழித்து நடந்தால்? அதைப் புதுப்பிக்கத் தேவையான ரகசியச் சாவி எந்த மடிக்கணினியில் இருந்தது என்பதே யாருக்கும் நினைவிருக்காது. ஃபர்ம்வேரில் கையெழுத்திடும் ரகசியச் சாவி தொலைந்தால் அப்டேட் தயாரித்தாலும் பெட்டி அதை ஏற்காது.

என்னிடம் அப்படி ஒரு பெட்டி இருந்தது. செய்தவர்கள் காணாமல் போய் வெகு நாளாயிற்று, பெயர் வேண்டாம். ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. அதற்குப் பிறகு எந்த ஆப்பும் திறக்கவில்லை. எல்லாம் "இணைய இணைப்பு இல்லை" என்றன, ஆனால் வைஃபை இருக்கிறது. நாலு திருகைக் கழற்றி, போர்டின் ஓரத்தில் இருந்த நான்கு செப்புப் புள்ளிகளில் வயரைப் பற்றவைத்து, கணினியில் அதன் உள்பேச்சைப் படித்தேன். முதல் வரியிலேயே விஷயம் புரிந்தது: தேதி, 1970 ஜனவரி 1. பெட்டிக்குள் கடிகார பேட்டரி கிடையாது. எழுந்ததும் நிறுவனத்தின் சொந்த நேர சர்வரிடம் தேதி கேட்கும். அந்த சர்வரின் இணையப் பெயரையே யாரும் காசு கட்டிப் புதுப்பிக்கவில்லை, அது இப்போது இணையத்தில் இல்லை. அதனால் பெட்டி 1970இல் நிற்கிறது. 1970இல் நிற்கும் பெட்டிக்கு எல்லாத் தளங்களின் சான்றிதழும் இன்னும் பிறக்காதவை, ஒன்றையும் நம்பாது. ரௌட்டரில் அந்தப் பழைய பெயரைப் பொதுவான ஒரு நேர சர்வரின் முகவரிக்குத் திருப்பிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தது. அந்த நேர சர்வரின் பெயரை நிரலில் அப்படியே எழுதி வைத்தவரை ஒரு காலத்தில் எனக்குத் தெரியும். நல்ல மனுஷன். அன்றைக்கு நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

சரி, வெளியில் இருந்து எதைப் பார்த்து முடிவு செய்வது?

அறிக்கைகளை விடுங்கள். அமெரிக்காவில் விற்கப்போகும் எந்த வைஃபை சாதனமும் எஃப்சிசி என்ற அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்ததும் அது பொதுப் பதிவேட்டில் தெரியும். உள்படங்களைப் பல நிறுவனங்கள் சில மாதம் மறைத்து வைக்கும், ஆனால் சாதனம் ஒன்று இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. அங்கே புது மாடல் எண் தெரிந்தால் போர்டு வேலை பெருமளவு முடிந்துவிட்டது என்று அர்த்தம். யார் போயிருந்தாலும் அந்தப் பெட்டி கடைக்கு வர நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்த ஆறு மாதத்தில் வரும் என்கிறார்கள், பதிவேட்டில் ஒன்றும் இல்லை என்றால் நான் அந்த ஆறு மாதத்தைப் பன்னிரண்டாகப் படிப்பேன்.

வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரங்களையும் பாருங்கள். போன டிரைவர் பொறியாளரின் இடத்துக்கு ஆள் தேடுகிறார்களா? என்ன அனுபவம் கேட்கிறார்கள்? குறிப்பிட்ட ஒரு சிப் குடும்பத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அடுத்த பெட்டிக்குச் சிப் முடிவாகிவிட்டது. விற்பனைக்கும் சட்டப் பிரிவுக்கும் மட்டும் ஆள் எடுத்தால், வாங்க யாராவது வருவார்களா என்று பார்க்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும்.

அப்டேட் குறிப்புகள் இன்னும் நேர்மையானவை. "சிறு பிழைகள் திருத்தம்" என்று மட்டுமே மூன்று அப்டேட் தொடர்ந்து வந்தால் குழு புதுப் பெட்டியில் மூழ்கியிருக்கலாம், அல்லது குழுவே இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பாதுகாப்புத் திருத்தங்கள். குழு எவ்வளவு வேலையாக இருந்தாலும் அதை விடாது. என்விடியா ஷீல்டைப் பாருங்கள். 2015இல் வந்த பெட்டிக்குப் பத்து வருடம் கழித்து 2025இலும் அப்டேட் வந்தது. அங்கே யாரோ அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது.

விலைக் குறைப்பை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன். புதியது வருவதற்கு முன்பும் விலையைக் குறைப்பார்கள், மூடுவதற்கு முன்பும் குறைப்பார்கள். எவ்வளவு குறைக்கிறார்கள் என்பதில் மட்டும் சேதி உண்டு. லாஜிடெக் ரெவ்யூ என்ற டிவிப் பெட்டி 2010 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. அடுத்த வருடம் ஒரு காலாண்டில் விற்றதைவிடத் திரும்பி வந்தது அதிகம் என்ற நிலை. ஜூலையில் 99 டாலராக்கினார்கள், அதே சமயம் தலைமைச் செயல் அதிகாரி விலகினார். நவம்பரில், இனி இந்த வகைப் பெட்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வந்தால் அது தள்ளுபடி இல்லை, கழித்துக்கட்டுவது. இதற்கு அடுத்த வருடம்தான் ஸ்குவீஸ்பாக்ஸையும் நிறுத்தினார்கள்.

அப்புறம் என் சொந்த அளவுகோல் ஒன்று: ரிமோட். தனி ரிமோட் இன்னும் விற்கிறார்களா என்று பார்ப்பேன். ரிமோட் முதலில் தொலையும், முதலில் உடையும். அதைத் தனியாகச் செய்யச் சொல்லித் தொழிற்சாலைக்கு ஆர்டர் போடுபவர்கள் இன்னும் இரண்டு வருடமாவது இருக்கப்போகிறோம் என்று நம்புகிறார்கள். ரிமோட் தீர்ந்து, மறுபடி வராமல் போனால் எனக்கு வயிற்றைக் கலக்கும். விஞ்ஞானம் கிடையாது, ஆனால் இதுவரை ஏமாற்றியதில்லை.

வாங்கலாமா என்றால்: இன்றைக்கு அது செய்யும் வேலைக்காக மட்டும் வாங்குங்கள். "விரைவில் வரும்" என்று போட்டிருக்கும் எந்த வசதிக்கும் காசு கொடுக்காதீர்கள், அதை எழுத வேண்டியவர் போன ஐந்து பேரில் ஒருவராக இருக்கலாம். இன்றைக்குச் செய்யும் வேலை உங்களுக்குப் போதும், நான் சொன்ன கேபிள் சோதனையில் பாதியாவது தேறுகிறது, விலையும் இரண்டு வருடத்துக்குத் தாங்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். புதியதற்குக் காத்திருக்கலாம் என்று தோன்றினால் வந்த அன்றே வாங்க ஓடாதீர்கள். ஆள் மாறிய குழுவின் முதல் பெட்டிக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள். அதற்குள் இரண்டு அப்டேட்டாவது வந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே பெட்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே இரண்டு காரியம் செய்துவிடலாம். கடைசி அப்டேட்டைப் போட்டு, அந்தக் கோப்பு தரவிறக்கக் கிடைத்தால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நிறுவனம் மறைந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் மறையும். பெட்டி எவ்வளவு மந்தமாக ஓடினாலும் ரீசெட் செய்யாதீர்கள். ரீசெட் ஆன பெட்டி மறுபடி பிறக்க அவர்களுடைய சர்வரின் சம்மதம் வேண்டும். மெனுவில் அந்தப் பொத்தான் அப்டேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும், பார்த்து அழுத்துங்கள்.